ஃப்ளூ செய்தியைப் படிப்பது எப்படி: பறவைக் காய்ச்சல் பீதியிலிருந்து தடுப்பூசி சதவீதம் வரை ஒரு முழு வழிகாட்டி

கேரளாவில் ஆலப்புழை, குட்டநாட்டுப் பக்கம் வாத்துகள் கொத்துக்கொத்தாகச் சாகின்றன என்று ஒரு செய்தி வந்தால் போதும், நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து தெளிக்கும் படம் பேப்பரில் வரும், முட்டை விலை ஆடும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு சித்தப்பா "இந்த வைரஸ் வந்தால் இரண்டில் ஒருவர் காலி" என்று எழுதிய படத்தை அனுப்பிவைப்பார். அதே வாரத்தில் "எல்லா ஃப்ளூவுக்கும் ஒரே ஊசி, விஞ்ஞானிகள் சாதனை" என்று இன்னொரு செய்தியும் ஓடும். இரண்டையும் எழுதியவர்கள் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டுமே எங்கோ ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்தோ அரசு அறிக்கையிலிருந்தோ வந்தவைதான். நடுவில் ஏதோ ஒன்று உதிர்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

உதிர்ந்தது என்ன என்று கண்டுபிடிக்க நீங்கள் டாக்டராக இருக்கத் தேவையில்லை. யாரை எண்ணினார்கள், எதில் சோதித்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று மூன்று விஷயத்தை விடாமல் கேட்டால் பாதிச் செய்திகளின் காற்று அங்கேயே இறங்கிவிடும், மீதிச் செய்திகள் நிஜமாகவே முக்கியமானவை என்பதும் தெரிந்துவிடும். நான் ஒரு ஃப்ளூ செய்தியைக் கையிலெடுத்தால் எந்த வரிசையில் பார்ப்பேனோ அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. வைரஸின் முழுப்பெயரைத் தேடுங்கள்

"பறவைக் காய்ச்சல்" என்பது ஒரு வைரஸின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர். இன்ஃப்ளூயன்சாவில் ஏ, பி, சி, டி என நான்கு வகை. மனிதர்களைப் படுக்கவைப்பது பெரும்பாலும் ஏ-யும் பி-யும்தான். சி லேசான சளியோடு போய்விடும், டி முக்கியமாக மாடுகளிடம் இருக்கிறது. இதுவரை வந்த ஃப்ளூ பெருந்தொற்றுகள் எல்லாமே ஏ வகை. அந்த ஏ-க்குள்தான் எச், என் என்று எண் போட்ட பிரிவுகள் வருகின்றன. வைரஸின் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு புரதங்களை வைத்துப் போட்ட எண்கள் அவை. 1918-ல் உலகைச் சுருட்டியது எச்1என்1, 1957-ல் எச்2என்2, 1968-ல் ஹாங்காங்கில் தொடங்கியது எச்3என்2, 2009-ல் மறுபடி வேறொரு எச்1என்1.

இந்தப் பிரிவு எண்ணோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. ஆய்வகத்தில் ஒவ்வொரு வைரஸுக்கும் ஒரு முழுப்பெயர் உண்டு. ஏ/கூஸ்/குவாங்டாங்/1/1996 என்று இருந்தால், ஏ வகை, வாத்துக் குடும்பத்துக் கூஸ் பறவையிலிருந்து, சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், முதல் மாதிரியாக, 1996-ல் எடுத்தது என்று அர்த்தம். இன்றைக்கு உலகம் முழுக்கச் சுற்றும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கூட்டத்துக்கு மூதாதை இதுதான். மனிதரிடமிருந்து எடுத்ததென்றால் நடுவில் உயிரினத்தின் பெயர் வராது: ஏ/கலிபோர்னியா/7/2009 என்பது 2009 பெருந்தொற்று வைரஸ், பல ஆண்டுகள் தடுப்பூசியில் இருந்தது. ஏ/டெக்சாஸ்/37/2024 என்பது அமெரிக்க மாட்டுப்பண்ணைத் தொழிலாளி ஒருவரிடம் எடுத்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒரே எச்5என்1 என்ற பெயருக்குள்ளேயே கிளைகள் பல. அமெரிக்க மாடுகளில் 2024-ல் பரவியது 2.3.4.4பி என்ற கிளை. அதே ஆண்டு கொல்கத்தாவுக்கு வந்துவிட்டு ஆஸ்திரேலியா திரும்பிய ஒரு சின்னக் குழந்தைக்கு வந்தது 2.3.2.1ஏ, இது நம் பக்கத்துக் கோழிகளிடம் வெகுநாளாக இருக்கும் வேறு கிளை. டெக்சாஸில் மாட்டுக்கு வந்த செய்தியைப் போட்டுவிட்டுக் கீழே ஒரு வரியில் "இந்தியாவிலும் இதே வைரஸ்" என்று எழுதினால், எழுதியவர் கிளையைப் பார்க்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

போகிற போக்கில் ஒன்று. "பன்றிக் காய்ச்சல் பீதி" என்று ஒவ்வொரு மழைக்காலத்திலும் தலைப்பு வருகிறதே, அந்த எச்1என்1 2010-க்குப் பிறகு சாதாரணப் பருவகால ஃப்ளூவாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் போடும் ஊசியிலேயே அதுவும் இருக்கிறது. சாதாரண ஃப்ளூ என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை, முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் அது கொல்லத்தான் செய்கிறது. பன்றிக்கும் உங்கள் தெருவில் பரவுவதற்கும் இப்போது சம்பந்தமில்லை, அதைத்தான் சொல்ல வந்தேன்.

2. கிடைத்தது என்ன: காய்ச்சலா, துண்டா, உயிருள்ள வைரஸா?

"ஃப்ளூ பாதிப்பு இரண்டு மடங்கு" என்று வந்தால் அது பரிசோதனை செய்து உறுதியானதா, இல்லை ஃப்ளூ போன்ற காய்ச்சலா என்று பாருங்கள். கண்காணிப்புக் கணக்கில் இரண்டாவதற்கு ஒரு வரையறையே இருக்கிறது: 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி பத்து நாளுக்குள். அந்தச் சட்டிக்குள் கொரோனாவும் விழும், ஆர்எஸ்வி-யும் விழும், இன்னும் பல சளி வைரஸ்களும் விழும்.

பரிசோதனை செய்திருந்தாலும் எந்தப் பரிசோதனை என்பது முக்கியம். பிசிஆர் கண்டுபிடிப்பது வைரஸின் மரபுப்பொருளை. அது செத்த வைரஸின் துண்டாகவும் இருக்கலாம். 2024 ஏப்ரலில் அமெரிக்கக் கடைகளில் விற்ற பாலை எடுத்துச் சோதித்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒரு மாதிரியில் எச்5என்1-இன் மரபுப்பொருள் இருந்தது. தலைப்பு எப்படி வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அந்த மாதிரிகளைக் கருமுட்டைகளில், அதாவது குஞ்சு வளரும் கோழிமுட்டைகளில், செலுத்தி வைரஸ் வளருகிறதா என்று பார்த்தார்கள், வளரவில்லை. பாஸ்டரைஸ் செய்யும் சூடு வேலையைச் செய்திருந்தது. காய்ச்சாத பாலைக் குடிக்கும் மோகம் பிடித்தவர்களுக்குத்தான் அங்கே நிஜமான ஆபத்து, பாலைப் பொங்கவிட்டுக் குடிக்கும் நமக்கு இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

பரிசோதனையே இல்லாமல் கணக்குப் போட்ட கதையும் உண்டு. மக்கள் இணையத்தில் தேடும் சொற்களை வைத்தே ஃப்ளூ பரவலைச் சொல்லிவிடலாம் என்று கூகுள் 2008-ல் ஒரு சேவை தொடங்கியது, முதலில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். 2012-13 பருவத்தில் அது சொன்ன அளவு நிஜத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காகப் போய் நின்றது. டிவியில் ஃப்ளூ என்று சொன்னாலே ஆரோக்கியமாக இருப்பவனும் தேடத்தான் செய்வான். 2015-ல் மூடிவிட்டார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு பெருந்தொற்றை முன்கூட்டியே சொல்லிவிடும் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சேவைதான் ஞாபகம் வரும்.

3. வகுக்கும் எண் எங்கே?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

"இரண்டில் ஒருவர் இறப்பார்" என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது? 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த உறுதியான மனித எச்5என்1 பாதிப்புகள் ஆயிரத்தை ஒட்டி வரும், அதில் இறந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதி. எண் சரிதான். ஆனால் அந்த ஆயிரம் பேர் யார்? பெரும்பாலும், மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டருக்குச் சந்தேகம் வந்து, மாதிரி எடுத்து, அது ஒரு நல்ல ஆய்வகம் வரை போய்ச் சேர்ந்தவர்கள். வியட்நாமிலோ எகிப்திலோ கோழி செத்த வீட்டில் இரண்டு நாள் காய்ச்சலோடு படுத்து எழுந்து வேலைக்குப் போனவர் இந்தக் கணக்கில் இல்லை. அப்படி எத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் வகுக்கும் எண், அது இல்லாமல் சதவீதம் போட்டால் உயரமாகத்தான் வரும்.

மறுபக்கம் பாருங்கள். 2024 மார்ச்சில் டெக்சாஸ், கான்சாஸ் மாட்டுப்பண்ணைகளில் எச்5என்1 கண்டுபிடித்த பிறகு அமெரிக்காவில் தொழிலாளர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். எழுபது பேர் அளவில் கிடைத்தார்கள். பலருக்குக் கண் சிவந்ததுதான் முக்கியமான தொந்தரவு. 2025 ஜனவரியில் லூசியானாவில் 65 வயது தாண்டிய ஒருவர் இறந்தார், அவருக்கு ஏற்கெனவே வேறு நோய்கள் இருந்தன, வீட்டுக் கொல்லையில் கோழி வளர்த்தவர். அதற்காக "எச்5என்1 சும்மா கண்வலி" என்று எழுதினால் அதுவும் தப்பு. கிளை வேறு, வைரஸ் உடலுக்குள் போன வழி வேறு, அதைவிட முக்கியமாகத் தேடிய விதமே வேறு. கம்போடியாவில் 2023 முதல் வேறொரு கிளை குழந்தைகளைக் கொன்றிருக்கிறது.

இந்தச் சிக்கல் 1997-லிருந்தே இருக்கிறது. ஹாங்காங்கில் மே மாதம் மூன்று வயதுக் குழந்தை ஒன்று இறந்தது, அதன் மாதிரியில் இருந்தது எச்5என்1 என்று உறுதியாக ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஆண்டு முடிவதற்குள் 18 பேருக்கு வந்தது, 6 பேர் இறந்தார்கள். நகரத்தின் கோழிகள் அத்தனையையும், பத்து லட்சத்துக்கும் மேல், கொன்று தீர்த்த பிறகு அது நின்றது. நான் அந்த முடிவை எடுத்தவர்கள் பக்கம்தான். சதவீதம் துல்லியமாகத் தெரியும்வரை காத்திருந்தால் கோழிச்சந்தை திறந்தே கிடந்திருக்கும். எண் சரியில்லை என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குச் சாக்கு ஆகாது.

மேலே இருக்கும் எண்ணும், அதாவது இறந்தவர்களின் எண்ணும், இதே மாதிரி காலை வாரும். 2009 பெருந்தொற்றில் ஆய்வகத்தில் உறுதியாகி அறிவிக்கப்பட்ட மரணங்கள் 18,500 அளவு. பிறகு 2012-ல் கணக்கிட்டவர்கள் முதல் ஆண்டில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் இடையில் இருக்கும் என்றார்கள், அதில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும். சோதனை செய்ய வழியில்லாத இடங்களில் மரணம் "உறுதி" ஆவதே இல்லை. கொரோனாவில் நாமே பார்த்தோம்: 2021 முடிவில் இந்தியாவின் அதிகாரபூர்வக் கணக்கு 4.8 லட்சம், உலகச் சுகாதார நிறுவனம் வழக்கமான ஆண்டுகளைவிடக் கூடுதலாக நிகழ்ந்த மரணங்களை வைத்து மதிப்பிட்டது 47 லட்சம். மத்திய அரசு அந்த முறையையே ஏற்கவில்லை, சண்டை இன்னும் ஓயவில்லை. 1918-க்குப் போனால் இந்தியாவில் மட்டும் 1.2 கோடியிலிருந்து 2 கோடி வரை வெவ்வேறு மதிப்பீடுகள் இருக்கின்றன. 1911-க்கும் 1921-க்கும் நடுவில் நாட்டின் மக்கள்தொகை கூடவே இல்லை, கொஞ்சம் குறைந்தது. கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு பத்தாண்டு வேறு கிடையாது.

ஆக, சதவீதத்தைப் பார்த்ததும் இரண்டு கேள்வி: கீழே இருப்பவர்கள் எப்படி எண்ணிக்கைக்குள் வந்தார்கள்? மேலே இருக்க வேண்டியவர்களில் யார் எண்ணிக்கைக்குள் வரவே இல்லை?

4. எந்த உயிரினத்தில் சோதித்தார்கள்?

"புதிய மருந்து ஃப்ளூவை முற்றிலும் தடுத்தது" என்ற செய்தியில் நாலாவது பத்தியில், சில சமயம் கடைசிப் பத்தியில், "எலிகளில்" என்ற சொல் ஒளிந்திருக்கும். மனித ஃப்ளூ எலிக்கு இயல்பாக வரும் நோயே இல்லை. எலிக்குப் பழக்கப்படுத்திய வைரஸை வைத்துத்தான் பெரும்பாலும் வேலை செய்கிறார்கள், அந்த எலிக்கு இருமலும் வராது, தும்மலும் வராது. விலை குறைவு, மரபணுவை மாற்றிய எலிகள் தாராளமாகக் கிடைக்கின்றன, அதனால் எலி. ஆரம்பக்கட்ட ஆராய்ச்சிக்கு அது தப்பில்லை, அங்கேயே "சாதனை" என்று தலைப்புப் போடுவதுதான் தப்பு.

ஃப்ளூ ஆராய்ச்சியின் நிஜ நாயகன் ஃபெரட். கீரி போல நீளமாக இருக்கும் சிறு விலங்கு. 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் மனித ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தது இதை வைத்துத்தான். அதற்கு முன்னால் ஃப்ளூவுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எடுத்த வைரஸுக்கு டபிள்யூஎஸ் என்று பெயர், வில்சன் ஸ்மித்தின் தலைப்பெழுத்துதான் அது, மாதிரி அவரிடமிருந்தே எடுத்தது. 1936-ல் அந்த ஆய்வகத்தில் நோய்வாய்ப்பட்ட ஃபெரட் ஒன்று ஓர் ஆராய்ச்சியாளரின் முகத்திலேயே தும்ம, அவருக்கும் காய்ச்சல் வந்தது. ஃபெரட்டின் மூச்சுக்குழாய் நம்முடையதை ஒத்தது, காய்ச்சல் வரும், மூக்கு ஒழுகும், பக்கத்துக் கூண்டில் இருப்பதற்கும் ஒட்டும். அதனால் "பரவுமா" என்ற கேள்விக்கு ஃபெரட்டில் செய்த ஆய்வுக்கு எலி ஆய்வைவிட எடை அதிகம். ஆனாலும் ஓர் ஆய்வில் சில ஃபெரட்டுகள்தான் இருக்கும், நான்கில் மூன்றுக்கு ஒட்டியதை "75 சதவீதம்" என்று எழுதினால் சிரித்துவிட்டுப் போங்கள்.

கண்ணாடித் தட்டில் செல்களை வளர்த்து அதில் வைரஸ் செத்தது என்றால்? சோப்புத் தண்ணீரிலும் சாகும். அடுத்த படிக்குப் போகலாம்.

5. "தடுப்பூசி பொருந்தவில்லை" என்றால் ஆய்வகத்தில் என்ன பார்த்தார்கள்?

எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது. 1941-ல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹர்ஸ்ட் என்பவர் ஃப்ளூ வளர்த்த கருமுட்டையிலிருந்து திரவத்தை எடுக்கும்போது குஞ்சின் ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் கலந்துவிட்டது. சிவப்பணுக்கள் கொத்துக்கொத்தாகத் திரண்டு நின்றன. வைரஸ்தான் அவற்றை ஒட்டவைக்கிறது என்று புரிந்துகொண்டார். அந்தக் கண்டுபிடிப்பை வைத்து எழுந்த சோதனையை இன்றும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் வைரஸ், அதோடு சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்), அப்புறம் வான்கோழி அல்லது கினிப்பன்றியின் சிவப்பணு. சீரத்தை ஒவ்வொரு குழிக்கும் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள்: பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, நாற்பது, எண்பது என்று. கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தால், சீரத்தில் உள்ள ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம், வைரஸை மடக்கிய குழிகளில் சிவப்பணுக்கள் அடியில் இறங்கி ஒரு சின்னச் சிவப்புப் பொட்டாக உட்கார்ந்திருக்கும். மடக்க முடியாத குழிகளில் அவை ஒன்றோடொன்று ஒட்டி இளஞ்சிவப்புத் திரையாகப் பரவி நிற்கும். சந்தேகமாக இருந்தால் தட்டைச் சாய்ப்பார்கள், நிஜமான பொட்டு என்றால் கண்ணீர்த்துளி போல ஒழுகி இறங்கும், ஒட்டிக்கொண்டது அசையாது. கடைசியாக எந்தக் குழியில் பொட்டு இருக்கிறதோ அதன் எண்தான் அளவு. 40 வந்தால் நோயிலிருந்து ஏறக்குறைய பாதிப் பாதுகாப்பு என்பது 1970-களிலிருந்து புழங்கும் ஒரு குத்துமதிப்பு.

ஊசியில் உள்ள வைரஸுக்கு எதிரான சீரம், ஊரில் சுற்றும் புது வைரஸை எட்டு மடங்கோ அதற்கு மேலோ குறைவாக மடக்கினால் "பொருந்தவில்லை" என்கிறார்கள். இது பெரும்பாலும் ஃபெரட்டின் சீரம் என்பதை மறக்கக் கூடாது. அந்த ஃபெரட் வாழ்க்கையில் ஒரே ஒரு ஃப்ளூவைத்தான் பார்த்திருக்கிறது. நாமோ வருஷக்கணக்காக விதவிதமாகப் பார்த்தவர்கள், நம் உடம்பு முதன்முதலில் சந்தித்த ஃப்ளூவை மறப்பதே இல்லை. 2016-ல் வந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது: 1968-க்கு முன் பிறந்தவர்களுக்கு எச்5என்1 கடுமையாக வருவது குறைவாகவும், பின்னால் பிறந்தவர்களுக்குச் சீனாவில் பரவிய எச்7என்9 குறைவாகவும் இருந்தது. சின்ன வயதில் அவர்கள் சந்தித்த வைரஸ்கள் வேறு வேறு. "பொருந்தவில்லை" என்ற சொல் ஊசியைப் பற்றி மட்டும் சொல்கிறது, உங்களைப் பற்றி முழுவதும் சொல்வதில்லை. சமீபத்திய எச்3என்2 வைரஸ்கள் பல சிவப்பணுவையே சரியாக ஒட்டவைப்பதில்லை என்பதால் அவற்றுக்கு வேறு சோதனையும் சேர்த்துச் செய்கிறார்கள்.

6. தடுப்பூசி சதவீதத்தைப் பிரித்துப் படியுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி ஊசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று சொல்கிறது. பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கு. 1952-ல் தொடங்கிய கண்காணிப்பு வலை அனுப்பும் மாதிரிகள் அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் போன்ற மையங்களுக்குப் போய், அங்கே மேலே சொன்ன தட்டுகளை வைத்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். முடிவுக்கும் ஊசி கைக்கு வருவதற்கும் நடுவில் ஆறு மாதம், பெரும்பாலான ஊசி இன்னமும் கோழிமுட்டையில்தான் தயாராகிறது. அந்த ஆறு மாதத்தில் வைரஸ் சும்மா இருக்குமா? 2014-15-ல் ஊசியில் இருந்தது டெக்சாஸ் 2012, ஊரில் சுற்றியது சுவிட்சர்லாந்து 2013, இரண்டும் எச்3என்2. அமெரிக்காவில் அந்தப் பருவம் ஊசியின் பலன் 19 சதவீதம்தான். நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் 40 முதல் 60 சதவீதம் வரும்.

50 சதவீதம் என்றால் ஊசி போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஃப்ளூ வரும் என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். ஒரு பேச்சுக்கு, ஊசி போடாத நூறு பேரில் பத்துப் பேருக்கு வந்தால், போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு வரும். அதுதான் 50. இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்: ஃப்ளூ போன்ற காய்ச்சலோடு டாக்டரிடம் வந்தவர்களைச் சோதித்து, ஃப்ளூ உறுதியானவர்களில் எத்தனை பேர் ஊசி போட்டவர்கள், ஃப்ளூ இல்லை என்றானவர்களில் எத்தனை பேர் போட்டவர்கள் என்று ஒப்பிடுகிறார்கள். கெட்டிக்காரத்தனமான முறை, இரண்டு பக்கத்திலும் இருப்பது டாக்டரைத் தேடி வரும் பழக்கம் உள்ளவர்களே. டாக்டரிடமே போகாதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. செய்தியில் வரும் சதவீதம் காய்ச்சல் வராமல் தடுப்பதற்கா, ஆஸ்பத்திரியில் சேராமல் தடுப்பதற்கா, இறக்காமல் தடுப்பதற்கா, எந்த வயதினருக்கு என்றும் பாருங்கள். ஒரே ஊசிக்கு நான்கு எண்கள் இருக்கும், தலைப்புக்காரர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்வார்.

ஒரு வினோதமும் இங்கே நடந்திருக்கிறது. பி வகையில் யமகாட்டா என்றொரு கிளை இருந்தது. கொரோனா காலத்து முகக்கவசமும் ஊரடங்கும் சேர்ந்து பரவலை நிறுத்தியதில், 2020 மார்ச்சுக்குப் பிறகு அது எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. நான்கு வைரஸ் ஊசியிலிருந்து அதை எடுத்துவிடச் சொல்லி மறுபடி மூன்றுக்கே வந்துவிட்டார்கள். அதனால் கடையில் "மூன்று வைரஸ் ஊசிதான் இருக்கிறது" என்றால் பழைய சரக்கு என்று நினைத்துத் திரும்பிவிடாதீர்கள்.

நமக்கு எப்போது போடுவது? இந்தியாவில் எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் ஃப்ளூ உச்சத்துக்குப் போவதில்லை. ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச், டெல்லி, புனே போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவமழை மாதங்கள், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்முடைய மழையோடுதான் வருகிறது. ஊசிப் பெட்டியில் எந்த அரைக்கோளத்துக்கு, எந்த ஆண்டுக்கு என்று அச்சிட்டிருப்பார்கள், அதைக் கேட்டு வாங்கி மழைக்கு முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. உங்களுக்கு வேறு நோய் இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

"எல்லா ஃப்ளூவுக்கும் ஒரே ஊசி" பற்றி: ஆராய்ச்சி நிஜமாகவே நடக்கிறது, அடிக்கடி மாறாத பகுதியைக் குறிவைக்கும் எண்ணம் நல்ல எண்ணம். முதல் கட்ட மனிதச் சோதனை என்று இருந்தால், அது சில பத்துப் பேருக்குப் போட்டுப் பாதுகாப்பானதா என்று பார்த்தது. ஃப்ளூ வராமல் தடுத்ததா என்பது வெகுதூரம் தள்ளி வரும் கேள்வி.

7. மருந்துச் செய்தி

சுருக்கமாக முடித்துவிடலாம். ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மாத்திரையை 2009-ல் நாடுகள் மலைமலையாக வாங்கிக் குவித்தன. கம்பெனியிடமிருந்து முழுச் சோதனை ஆவணங்களை வாங்கவே சில ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2014-ல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு அறிகுறிகள் குறைய ஏழு நாள் ஆவது 6.3 நாளானது. ஆஸ்பத்திரியில் சேரும் நிலையில் உள்ளவர்களுக்கும் ஆபத்துப் பிரிவினருக்கும் இன்றும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள், 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் கூடுதல். நீங்கள் பார்க்க வேண்டியது "குறைத்தது" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எவ்வளவு என்ற எண் இருக்கிறதா என்பதை. ஆன்டிபயாடிக் எதுவும் வைரஸை ஒன்றும் செய்யாது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன், ஆனால் மருந்துக்கடையில் நின்று பார்த்தால் சொல்லத்தான் வேண்டும் போலிருக்கிறது.

8. தகவல் எங்கிருந்து, யார் பகிர்ந்தது?

முன்பதிப்பு என்றால் மற்ற நிபுணர்கள் இன்னும் சரிபார்க்காத கட்டுரை. பெருந்தொற்று நேரத்தில் அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரி 11 அன்று இணையத்தில் வெளியானது, சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் சார்பில் ஆஸ்திரேலியாவிலிருந்து எட்வர்ட் ஹோம்ஸ் போட்டார். அடுத்த நாளே ஜாங்கின் ஆய்வகத்தை மூடச் சொன்னார்கள். சோதனைக் கருவிகளும் ஊசிகளும் அந்த வரிசையை வைத்துத்தான் அவ்வளவு வேகமாக வந்தன. முன்பதிப்பை நம்பலாமா என்றால், மரபணு வரிசை போல யார் வேண்டுமானாலும் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய தகவல் கூடவே இருக்கிறதா என்று பார்ப்பேன்.

பகிர்வதிலும் அரசியல் உண்டு. 2007-ல் இந்தோனேசியா தன் எச்5என்1 மாதிரிகளை அனுப்ப மறுத்தது. எங்கள் ஊர் வைரஸை வாங்கிப் பணக்கார நாட்டுக் கம்பெனி ஊசி செய்து எங்களுக்கே விற்கும், எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பது அவர்கள் வாதம். உலகமே திட்டியது, ஆனால் வாதத்தில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. 2011-ல் மாதிரி கொடுப்பவர்களுக்கு ஊசியிலும் பலனிலும் பங்கு என்று ஓர் ஒப்பந்தச் சட்டகம் வந்ததே அந்த மறுப்பால்தான். "அந்த நாட்டில் பாதிப்பே இல்லை" என்று ஒரு வரைபடம் வெள்ளையாகக் காட்டினால், நோய் இல்லையா, சோதனை இல்லையா, பகிரவில்லையா என்று மூன்று காரணம் இருக்கலாம்.

நம் பக்கத்தில் பறவை மாதிரிகள் போபாலில் உள்ள கால்நடை ஆய்வகத்துக்கும், மனித மாதிரிகள் புனே தேசிய வைராலஜி நிறுவனத்துக்கும் போகும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் தமிழ்நாட்டுக்குள் முக்கியமான இடம். செய்தியில் இப்படி ஓர் ஆய்வகத்தின் பெயர்கூட இல்லையென்றால் காத்திருங்கள்.

9. நிஜமாகவே எப்போது கவலைப்படுவது?

"வைரஸில் ஆபத்தான மாற்றம்" என்ற தலைப்புக்கு நான் பெரிதாக அசைவதில்லை. பறவை வைரஸ் மனிதருக்குப் பழகப் பல மாற்றங்கள் ஒன்றாக அமைய வேண்டும், ஒன்றிரண்டு தனித்தனியாக வந்து போவது புதிதல்ல. நான் தேடுவது வேறு. பறவையையோ மாட்டையோ தொடாதவருக்கு வந்ததா? ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மூன்றாமவருக்கு என்று சங்கிலி நீள்கிறதா? கவனித்த நர்ஸ்களுக்கு வந்ததா? வெவ்வேறு ஊர்களில் ஒரே மாதிரி மரபணு வரிசை கிடைக்கிறதா? 2003-ல் ஹாங்காங்கில் சார்ஸ் வந்தபோது ஆபத்தைக் காட்டிக்கொடுத்தது ஆஸ்பத்திரிப் பணியாளர்கள் வரிசையாக விழுந்ததுதான். அந்த வைரஸைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவரான மாலிக் பீரிஸ் இலங்கையில் கண்டியில் பிறந்து பேராதனையில் படித்தவர், எச்5என்1 ஆராய்ச்சியிலும் அவர் பெயர் அடிக்கடி கண்ணில் படும்.

பரவும் வேகத்துக்கு இடமும் காரணம் என்பதை 1977-ல் அலாஸ்காவில் நடந்தது காட்டியது. இன்ஜின் கோளாறால் ஒரு விமானம் மூன்று மணி நேரம் தரையில் நின்றது, காற்றோட்டக் கருவி ஓடவில்லை, உள்ளே ஒரு பயணிக்கு ஃப்ளூ. 54 பேர் இருந்த விமானத்தில் 72 சதவீதம் பயணிகளுக்கு மூன்று நாளுக்குள் காய்ச்சல் கண்டது. "இந்த வைரஸ் ஒருவரிடமிருந்து இத்தனை பேருக்குப் பரவும்" என்று வரும் எண்ணில் ஜன்னல் திறந்திருந்ததா என்பதும் அடங்கியிருக்கிறது.

சரி, இத்தனையும் படிக்க நேரமில்லாமல் ஆலப்புழைச் செய்தி வந்த அன்று வீட்டில் என்ன செய்வது என்று மட்டும் கேட்டால்: முட்டையையும் கறியையும் உள்வரை 70 டிகிரி சூடேறும்படி நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள், அரைவேக்காட்டு ஆஃப்பாயிலைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், பச்சைக் கறியை வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவிவிட்டுக் காய்கறி நறுக்குங்கள். கொல்லையில் கோழியோ வாத்தோ காகமோ காரணமில்லாமல் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் எடுக்காமல், குழந்தைகளை விடாமல், உள்ளூர் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். செத்த பறவையைத் தொட்டவருக்குப் பத்து நாளுக்குள் காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், தொட்ட விஷயத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.